கத்தினால் போதும் என்றார்கள்

போன மாதம் அண்ணா வீட்டில் மறுபடியும் ஒருத்தி மாடியிலிருந்து விழுந்தாள்.

தொலைக்காட்சியில்தான். அண்ணாவின் பேத்தி ஏதோ ஓர் இங்கிலீஷ் படம் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகமூடி போட்ட ஒருவன் பறக்கிறான், அடிக்கிறான், ஊரைக் காப்பாற்றுகிறான். அவனுக்கு ஒரு காதலி. பெரிய படிப்புப் படித்தவள், மகா கெட்டிக்காரி என்று முதல் பத்து நிமிஷத்தில் சொல்லிவிடுகிறார்கள். அதோடு அந்தக் கெட்டிக்காரத்தனத்துக்கு முழுக்கு. பிறகு படம் முழுக்க அவளுக்கு விழுகிற உத்தியோகம்தான். அவள் விழுவாள், அவன் பிடிப்பான். இந்தக் கூத்தை நான் முதலில் பார்த்து நாற்பது வருஷத்துக்கு மேலாகிறது. இன்னும் அவளை ஒரு மாடிப்படியை ஒழுங்காக இறங்க விடவில்லை இந்தப் பாவிகள்.

நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது போதாதென்று, சோபாவில் சாய்ந்திருந்த அண்ணா பேத்தியின் தலையைத் தடவிக்கொண்டே தன் பழைய கதையை ஆரம்பித்தான். சின்ன வயதில் தானும் இப்படித்தான் தங்கையைக் காப்பாற்றப் போய், கழுத்து மாட்டிக்கொண்டு, மயிரிழையில் உயிர் பிழைத்த கதை. அந்தக் குழந்தை என்னைத் திரும்பிப் பார்த்தது. ஐயோ பாவம், இந்தப் பாட்டிதான் விழுந்தவளா என்கிற பார்வை. உள்ளேயிருந்து காப்பி வந்துகொண்டிருந்தது. நான் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். ஏன் என்று அண்ணாவுக்கு இன்றுவரை தெரியாது.

எழுபதுகளின் கடைசி. எனக்குப் பதினோரு வயது. மலையாள தேசத்தில், வலியசாலையில் கோவிலுக்கு அடுத்த தெருவில் வீடு. அப்பாவுக்கு சர்க்கார் ஆபீசில் வேலை. அம்மா, பதிமூன்று வயது அண்ணா, நான், அப்புறம் அப்பாவின் அக்காவான அத்தை. அத்தை பத்தொன்பது வயதில் அகமுடையானைப் பறிகொடுத்துவிட்டு எங்கள் வீட்டோடு வந்து சேர்ந்தவள். தலைக் கார்த்திகைக்கு அவள் ஏற்றிய விளக்கு நடுவில் அணைந்துபோயிற்றாம், அதனால்தான் அவன் போய்விட்டான் என்று தெருவில் அப்போதும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அத்தையே அதை நம்பினாள் என்றுதான் நினைக்கிறேன். சகுனம், தீட்டு, நாள், நட்சத்திரம் எல்லாவற்றுக்கும் எங்கள் வீட்டில் அவள்தான் நீதிபதி.

அப்பா வருஷத்துக்கு ஒரு தடவை எங்களை இங்கிலீஷ் படத்துக்கு அழைத்துப்போவார். நல்ல இங்கிலீஷ் காதில் விழட்டும் என்று அவருக்கு ஆசை. அந்த வருஷம் நவராத்திரிக்குச் சற்று முன்னால் பறக்கிற மனிதன் படம் ஒன்று வந்தது. பக்கத்து ஸ்ரீவராகத்திலிருந்து மாமா பிள்ளையும் வந்து சேர்ந்துகொண்டான். அண்ணாவைவிட ஒரு வயது சின்னவன். அண்ணா எதைச் சொன்னாலும் தலையாட்டுவதைத் தவிர வேறு கெட்ட பழக்கம் இல்லாதவன்.

படத்தின் பெயர் மறந்துவிட்டது. மறந்ததில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் அதில் வந்தவளை மறக்கவில்லை. வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு ஒரு பெரிய கரும்பலகை முன்னால் நின்றாள். மழையே வராத ஊருக்கு மழை கொண்டுவருவதற்கு ஒரு மெஷின் செய்திருந்தாள். அது எப்படி வேலை செய்கிறது என்று சாக்பீஸால் எழுதி எழுதிச் சொல்ல, பத்துப் பதினைந்து ஆண்பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டு கேட்டார்கள். நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். ஒரு பெண் பேச ஆண்பிள்ளைகள் குறிப்பெடுத்துக்கொள்வதை நான் அதற்கு முன் எங்கேயும் பார்த்ததில்லை. படம் அவளைப் பற்றியது என்று நினைத்துவிட்டேன். அசடு.

அப்புறம் அவன் ஜன்னல் வழியாகப் பறந்து வந்தான். அவனைப் பார்த்ததும் அவள் கையிலிருந்து சாக்பீஸ் கீழே விழுந்தது. அவ்வளவுதான், படம் முடியும்வரை அவள் அதைக் குனிந்து எடுக்கவேயில்லை. பாலத்திலிருந்து விழுந்தாள். ஏழு மாடியிலிருந்து விழுந்தாள். ஒரு ஆகாய விமானத்தின் கதவைத் தானே திறந்து விழுந்தாள், அது எதற்கென்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. விழும்போது மட்டும் அவன் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். கடைசியில் வில்லன் அவளை அவளுடைய மெஷினிலேயே கொண்டுபோய்க் கட்டிவைத்தான். மெஷின் ஊரையே வெள்ளத்தில் முக்கப் போகிறது. அத்தனை விசைகளும் அவள் கைக்கு எட்டுகிற தூரத்தில். அவள் என்ன செய்தாள் தெரியுமா? கத்தினாள். வாயைத் திறந்து, பல்லெல்லாம் தெரிய, ஒரு சுருள் மயிர் கலையாமல் கத்தினாள். அவன் வந்து மெஷினை ஒரு குத்துக் குத்தி நிறுத்தினான். தியேட்டரே விசிலடித்தது. அண்ணாவும் மாமா பிள்ளையும் நாற்காலி மேல் ஏறி நின்றார்கள்.

திரும்பி நடந்து வரும்போது அப்பாவைக் கேட்டேன்.

“அந்த மெஷினை அவதானே உண்டாக்கினா? நிறுத்தத் தெரியாதா அவளுக்கு?”

அப்பா நின்று சிரித்தார். சினிமா என்றால் அப்படித்தான் என்றார். வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொல்லிச் சிரித்தார். மறுநாள் ஆபீசில் சொல்லி அங்கேயும் எல்லோரும் சிரித்தார்களாம். நல்ல மனுஷர், குழந்தையின் கேள்வி வேடிக்கையாக இருக்கிறதென்று நினைத்துவிட்டார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அடுப்படியில் தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, “தெரிஞ்சிருக்கும். பண்ண விட்டிருக்க மாட்டா” என்றாள். எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. யார் விடவில்லை என்று கேட்டேன். அதற்குள் அண்ணாவுக்குத் தோசை போடப் போய்விட்டாள்.

சரஸ்வதி பூஜை வந்தது. கூடத்தில் ஏழு படி கொலு. அதற்கு இடம் பண்ணுவதற்காக ஊஞ்சல் பலகையையும் சங்கிலிகளையும் கழற்றி மச்சில் போட்டிருந்தார்கள். உத்தரத்தில் நான்கு கொக்கிகள் மட்டும் தொங்கின. கொலுவுக்குக் கீழே மணையில் எங்கள் பாடப்புத்தகங்கள், அப்பாவின் பேனா, தையல் மிஷினிலிருந்து எடுத்த அம்மாவின் பெரிய கத்திரிக்கோல் எல்லாவற்றையும் அடுக்கி, பட்டுத் துணி போர்த்தி, சந்தனம் குங்குமம் வைத்துப் பூஜை செய்தாயிற்று. விஜயதசமி காலையில் மறுபடி பூஜை செய்து எடுக்கிறவரை அவற்றை யாரும் தொடக்கூடாது. படிக்கக்கூடாது, எழுதக்கூடாது, தைக்கக்கூடாது. தொட்டால் கண் அவிந்துபோகும் என்று அத்தை சொல்லியிருந்தாள். எங்களுக்கு வருஷத்தில் அதைவிட நல்ல நாள் கிடையாது. புத்தகத்தைத் தொடாதே என்று பெரியவர்களே சொல்கிற நாள் அல்லவா?

சாயங்காலம் தெரு மாமிகள் வெற்றிலைபாக்கு வாங்கிக்கொள்ள வருவார்கள். அவர்களுக்கு முன்னால் பறந்து காட்டுவது என்று அண்ணா முடிவு செய்தான். கிணற்றுக் கயிற்றை ஊஞ்சல் கொக்கி வழியாக விட்டு, ஒரு முனையை இடுப்பில் கட்டிக்கொள்வது, மறுமுனையை மாமா பிள்ளை இழுப்பது. நான் பறக்கிறேன் என்றேன். மூன்று பேரில் நான்தான் எடை குறைந்தவள், சுலபமாகத் தூக்கலாம். உயரத்துக்குப் பயப்படாதவளும் நான்தான், மச்சுக்கு ஏணி இல்லாமல் ஏறுவேன். நியாயம் முழுக்க என் பக்கம். அண்ணா என்னைப் பார்த்துச் சிரித்தான். அப்பா சிரித்த அதே சிரிப்பு. பொம்மனாட்டி எங்கேயாவது பறப்பாளா என்றான். நீதான் அந்த மெஷின்காரி என்றான்.

அப்படியானால் எனக்குக் கரும்பலகை வேண்டும் என்றேன்.

“நீ ஒண்ணும் பண்ண வேண்டா. கத்தினா மதி.”

மதி என்றால் மலையாளத்தில் போதும் என்று அர்த்தம். பள்ளிக்கூடத்திலிருந்து அந்தச் சொல்லைக் கொண்டுவந்து எதற்கெடுத்தாலும் அதையே சொல்லிக்கொண்டிருந்தான் அப்போது. நான் ஒப்புக்கொண்டேன். இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. ஏன் ஒப்புக்கொண்டேன் என்றால், வேறு வேஷம் இல்லை. இதையும் வேண்டாமென்றால் அத்தையோடு உட்கார்ந்து வெற்றிலை துடைக்க வேண்டியதுதான்.

அவனுக்குச் சிவப்பாக ஒரு போர்வை வேண்டியிருந்தது, முதுகில் பறக்க. உள்ளறைக் கொடியில் அம்மாவின் கூறைப்புடவை உலர்ந்துகொண்டிருந்தது. தாலி கட்டும்போது உடுத்திய ஒன்பது கஜம், அரக்குப் பட்டு. பூஜை நாட்களில் மட்டும் அதை மடிசார் கட்டிக்கொள்வாள். அன்று காலைப் பூஜைக்குக் கட்டிக்கொண்டு, வியர்வை ஆறட்டுமென்று கொடியில் போட்டிருந்தாள். அதை உருவிக்கொண்டு வந்துவிட்டான். நீளம் குறைய நாலாக மடித்து ஒரு முனையைக் கழுத்தைச் சுற்றி முடிச்சுப் போட்டார்கள். காற்றில் விரிந்த மாதிரித் தெரியவேண்டும் என்பதற்காக மறுமுனையை இன்னொரு கொக்கியில் கட்டவேண்டும் என்றான் அண்ணா. அவர்கள் இருவருக்கும் அவ்வளவு உயரம் ஏறப் பயம். யார் ஏறினார்கள் என்று நினைக்கிறீர்கள்? கொலு அடுக்குகிற உயர ஸ்டூலில் ஏறி, அதற்கு மேல் தூணில் காலை ஊன்றி, உத்தரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நான்தான் கட்டினேன். நன்றாக இறுக்கிக் கட்டினேன்.

இறங்கி வந்ததும் அவர்கள் என்னைத் தூணோடு சேர்த்துக் கட்டினார்கள், என் பின்னல் ரிப்பனாலேயே. முடிச்சா அது? கையைச் சற்று வளைத்தால் உருவிக்கொண்டு வந்துவிடும். கட்டிய நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் நின்றேன். என் வேஷம் அது.

ஒத்திகை ஆரம்பமாயிற்று. அத்தை கோவிலுக்குப் போயிருந்தாள். அம்மா பின்கட்டு அடுக்களையில் சுண்டலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நான் கத்தினேன். அண்ணா ஸ்டூலிலிருந்து குதித்தான், மாமா பிள்ளை இழுத்தான், அவன் அரை நிமிஷம் அந்தரத்தில் ஆடிவிட்டு இறங்கினான். போதவில்லை, இன்னும் பலமாகக் கத்து என்றான். பலமாகக் கத்தினேன். மெதுவாகக் கத்தக்கூடாதா என்று அம்மா உள்ளேயிருந்து கேட்டாள்.

மூன்றாம் தடவை அவன் ஸ்டூலை உதைத்துக்கொண்டு குதித்தபோது இடுப்பு முடிச்சு அவிழ்ந்தது. அது அவன் போட்ட முடிச்சு. கயிறு சர்ரென்று மேலே ஓடி மாமா பிள்ளையின் தலையில் விழுந்தது. புடவையை நான் கட்டியிருந்தேன் அல்லவா, அது அவிழவில்லை. அண்ணா கழுத்து மாட்டித் தொங்கினான். கால் கட்டைவிரலுக்கும் தரைக்கும் ஒரு சாண் இருந்தது.

நான் அப்போதும் கத்திக்கொண்டிருந்தேன், வேஷத்துக்காக. அவன் இரண்டு கையாலும் கழுத்தைப் பிறாண்டுவதையும் முகம் கறுத்துப்போவதையும் பார்த்த பிறகு நிஜமாகவே கத்தினேன். வித்தியாசம் என்ன? ஒன்றுமில்லை. ஒரே சத்தம்தான். அடுக்களையில் தேங்காய் துருவுகிற சத்தம் நிற்கவில்லை. மத்தியானம் முழுக்க என்னைக் கத்த வைத்துவிட்டார்கள், இனி நான் கத்துவதற்கு எந்த மதிப்பும் இல்லை என்பது அந்த நொடியில் எனக்குப் புரிந்தது. கத்துவதை நிறுத்தினேன். மாமா பிள்ளையைப் பார்த்தேன். அந்த வீராதிவீரன் கயிற்றைக் கீழே போட்டுவிட்டுக் கொல்லைப்பக்கம் ஓடிவிட்டான்.

ரிப்பனிலிருந்து கையை உருவிக்கொண்டேன். ஓடிப்போய் அவன் காலைக் கட்டிப்பிடித்துத் தூக்கினேன். இரண்டு மூச்சு அவனுக்குக் கிடைத்திருக்கும், அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. தூக்கிக்கொண்டே முடிச்சை அவிழ்க்க எனக்கு நாலு கையா இருக்கிறது? அவனை விட்டேன். பட்டுத் துணியை இழுத்தெறிந்து, சந்தனப் பொட்டோடு கத்திரிக்கோலை எடுத்தேன். கண் அவிந்துபோகும் என்பது ஞாபகம் இருந்தது. போனால் போகட்டும் என்று நினைத்ததும் ஞாபகம் இருக்கிறது. ஸ்டூலை நிமிர்த்தி ஏறி, அவன் தலைக்கு மேல் முறுக்கிக்கொண்டிருந்த புடவையை வெட்டினேன். நாலு மடிப்புப் பட்டு லேசில் வெட்டுப்படாது. கடித்துக் கடித்துத்தான் வெட்டவேண்டியிருந்தது. ஜரிகைக் கரை வந்ததும் கத்திரிக்கோல் சிக்கிக்கொண்டது. இரண்டு கையாலும் அழுத்தினேன். அவன் விழுந்தான், ஸ்டூலும் நானும் அவன் மேல் விழுந்தோம்.

அவன் முதுகில் ஓங்கி அறைந்தேன். இருமினான். மறுபடி இருமினான். கழுத்தைச் சுற்றிச் சிவப்பாக ஒரு பட்டை. கண்ணைத் திறந்து என்னைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்த்தான்.

விழுந்த சத்தத்துக்குத்தான் அம்மா வந்தாள். முதலில் அவன் மார்பில் கை வைத்துப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, கொக்கியில் ஆடிக்கொண்டிருந்த பாதிப் புடவையைப் பார்த்தாள். அப்புறம் என்னை. எனக்குக் கத்திரிக்கோல் வளையத்திலிருந்து விரல் வரவில்லை. ஒவ்வொரு விரலாக அவள்தான் எடுத்துவிட்டாள்.   அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. எதிர்வீட்டு மாமியோடும் அடுத்தவீட்டு மாமியோடும் அத்தை கோவிலிலிருந்து வந்துகொண்டிருந்தாள்.

அத்தை தான் பெற்றவனைப்போல வளர்த்த பிள்ளையைத்தான் முதலில் பார்த்தாள், அதை மறுக்கமாட்டேன். அவன் மூச்சு விடுகிறான் என்று தெரிந்த பிறகுதான் தலை நிமிர்ந்தது.

“கூறையை யாரு கத்தரிச்சா?”

“நான்தான்” என்றாள் அம்மா.

“பூஜையிலே வெச்ச கத்திரிக்கோலாலயா?”

“கையிலே அதுதான் கெடைச்சுது, அக்கா.”

நான் அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றேன். பதற்றத்தில் உளறுகிறாள் என்று நினைத்தேன். சரிசெய்ய வேண்டியது என் பொறுப்பு என்று தோன்றியது. உண்மையைச் சொன்னால், கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. எல்லோரும் என்னைத் தூக்கிக்கொண்டு ஆடப்போகிறார்கள் என்று காத்திருந்தேன்.

“அம்மா இல்லே, அத்தை. நான்தான் கத்தரிச்சேன்.”

அம்மா அறைந்தாள். இரண்டு மாமிகளுக்கு முன்னால், பளாரென்று. அதற்கு முன்னாலும் பின்னாலும் அவள் என்னை அடித்ததில்லை.

“பொய் சொல்லாதே. போய் மூஞ்சியை அலம்பிண்டு வா.”

நான் கிணற்றடிக்குப் போனேன். திரும்பி வருவதற்குள் கதை தயாராகிவிட்டது. நான் ஸ்டூலில் ஏறி விளையாடினேனாம், சறுக்கினேனாம், அண்ணா என்னைப் பிடிக்கப் பாய்ந்தானாம், போர்வை கொக்கியில் மாட்டிக்கொண்டதாம். கம்மிப்போன குரலில் அவனே சொன்னான். கொல்லையிலிருந்து திரும்பி வந்த மாமா பிள்ளை சரஸ்வதி மேல் சத்தியம் பண்ணி ஆமாம் என்றான். ஒரு மாமி அண்ணாவுக்கு உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள். இன்னொரு மாமி என் தாடையைப் பிடித்து, எல்லாம் உன்னால்தானே, இனிமேலாவது பெண்ணாய் லட்சணமாய் இரு என்றாள். வெளியே போய்விட்டு வந்த அப்பா அண்ணாவை மடியில் இழுத்து உட்கார்த்திக்கொண்டார். புடவை போனால் போகிறது, பிள்ளை பிழைத்தானே என்று அம்மாவிடம் சொன்னார். வெட்டியவள், பாய்ந்தவன், சத்தியம் செய்தவன் என்று ஆளுக்கொரு வேஷம் கிடைத்துவிட்டது. எனக்கு விழுந்தவள் வேஷம். அந்த சினிமாக்காரிக்காவது பத்து நிமிஷம் கரும்பலகை கொடுத்தார்கள்.

அண்ணாவைக்கூட மன்னிக்கலாம். அவனுக்கு நினைவு தப்பியிருந்தது, சொல்லச் சொல்ல அதையே நிஜமென்று நம்பியிருப்பான். ஆனால் அம்மாவுக்கு? விரல்விரலாக எடுத்துவிட்டவளுக்குத் தெரியாதா? தெரிந்துகொண்டே, நான் செய்த ஒரே பெரிய காரியத்தை எடுத்துத் தன் பெயரில் போட்டுக்கொண்டாள். திருடி என்று மனதுக்குள் அவளைக் கூப்பிட்டேன். அதற்குப் பிறகு அவளிடம் தலை பின்னிக்கொள்ளமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அடுத்தவீட்டு மாமியிடம் போய்ப் பின்னிக்கொண்டேன். அம்மா ஏன் என்று ஒருநாளும் கேட்கவில்லை. அதுவே எனக்கு அவள் குற்றவாளி என்பதற்குச் சாட்சியாக இருந்தது.

வெட்டிய கூறையைக் கட்டிக்கொள்ளக்கூடாது, கூறையை வெட்டிய கை தாலிக்கு ஆகாது என்பாள் அத்தை. அதனால் அடுத்த நவராத்திரிக்கு அம்மா வேறு ஒன்பது கஜம் கட்டிக்கொண்டாள். வந்த மாமிகள் கூறை எங்கே என்று கேட்டார்கள். அம்மா வாய் திறப்பதற்குள் அத்தை பதில் சொன்னாள், அவளே கத்தரித்துவிட்டாள் என்று. மாமிகளின் முகம் மாறும். அம்மா தலையைக் குனிந்துகொண்டு மஞ்சள் குங்குமம் எடுத்துக் கொடுப்பாள். அதற்கடுத்த வருஷமும் அப்படித்தான், அதற்கடுத்த வருஷமும். தூணுக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். வேண்டும் இவளுக்கு, என்னுடையதை எடுத்துக்கொண்டாள் அல்லவா, நன்றாக வைத்துக்கொள்ளட்டும் என்று நினைப்பேன். ஆமாம், நினைத்தேன். மறைத்து என்ன ஆகப்போகிறது?

எனக்குப் பதினைந்து வயதானபோது அப்பா ஆபீஸ் மாடிப்படியில் மாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. மத்தியானம் கொண்டுவந்து கூடத்தில் கிடத்தினார்கள். தெரு முழுக்க வந்து நின்றது. அம்மா அவர் காலடியில் உட்கார்ந்திருந்தாள், அழக்கூட இல்லை. அத்தை தலைமாட்டில் மார்பில் அறைந்துகொண்டு அழுதாள். கூடப்பிறந்தவன் போய்விட்டான், அவளுக்கும் வேறு நாதியில்லை. அழுதுகொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தி அம்மாவைப் பார்த்தாள்.

“அன்னிக்கே நெனைச்சேன். கூறையைக் கத்தரிச்ச கையாக்கும் அது.”

ஒருவரும் அப்படிச் சொல்லாதே என்று சொல்லவில்லை. அத்தனை பெண்களும் அம்மாவின் கையைப் பார்த்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், மூன்று நவராத்திரிக்கு அந்தக் கையால் குங்குமம் வாங்கிக்கொண்டவள், புடவைத் தலைப்பை இழுத்துக்கொண்டு நகர்ந்தாள். அம்மா கையை மறைத்துக்கொள்ளவில்லை. தலையை நிமிர்த்திக் கூட்டத்தில் யாரையோ தேடினாள். அடுக்களை நிலைப்படியில் நின்ற என்னைக் கண்டுபிடித்தாள். வேண்டாம் என்று தலையை மிக லேசாக அசைத்தாள். எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி.

ஒரு வரி போதும். நான்கு வருஷமாக நாக்கு நுனியிலேயே வைத்திருந்த வரி. பதினோரு வயதில் யாரும் கேட்காமலே உரக்கச் சொல்லி அறை வாங்கிய அதே வரி. அம்மா இல்லை, நான்தான். சொல்லியிருக்கலாம். அத்தனை கண்களும் அவள் கையை விட்டு என் கைக்கு வந்திருக்கும். அந்தக் கண்களைப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டேன்.

அம்மா அதன் பிறகு முப்பது வருஷம் இருந்தாள். அந்தத் தெருவிலேயே இருந்தாள், அந்தப் பேரோடேயே இருந்தாள். எனக்குக் கல்யாணம் ஆயிற்று, நல்ல இடத்தில். பெண் பார்க்க வந்தவர்கள் என் கையைப் பற்றி எதுவும் விசாரிக்கவில்லை. அண்ணாவிடம் இன்றுவரை நான் உண்மையைச் சொல்லாததற்குக் காரணம் பெருந்தன்மை அல்ல. கத்திரிக்கோலைப் பற்றிச் சொன்னால் அப்பா கிடந்த நாளைப் பற்றியும் சொல்லவேண்டி வரும். அதனால் காப்பி குடிக்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன். சினிமாக்காரியைத் திட்டுகிறேன். அவளைத் திட்டுவது சுலபம்.

அன்று கிணற்றடியில், கன்னத்தில் அம்மாவின் ஐந்து விரலும் பதிந்திருக்க, தண்ணீரை வாரி வாரி முகத்தில் அடித்துக்கொண்டு நின்ற பதினோரு வயதுப் பெண்ணுக்கு ஒன்றே ஒன்றுதான் தெரிந்திருந்தது. தன்னிடமிருந்து அம்மா எதையோ பிடுங்கிக்கொண்டுவிட்டாள். அது என்னவென்று அவளுக்குத் தெரியவில்லை.